புன்னைக்கோட்டகம் காணாமல் போன காலை

பிள்ளைகளே, உங்கள் திரையில் எல்லாமே படமாக இருக்கிறது. கோப்பின் மேல் சுட்டியை வைத்து வலது பொத்தானை அழுத்தி, ஒரு கட்டத்தில் டிக் போட்டால் கோப்பு மறைந்துவிடும். எங்கள் காலத்தில் டாஸ் என்ற கறுப்புத் திரையும் அதில் மினுக்கும் ஒரு சின்னக் கோடும்தான் இருந்தன. ‘அட்ரிப்’ என்று தட்டி, பின்னால் ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஆர் என்றால் படிக்க மட்டும், எழுத முடியாது. எச் என்றால் கண்ணுக்குத் தெரியாது. எஸ் என்றால் இது இயந்திரத்தின் சொந்தக் கோப்பு, யாரும் தொடாதே. எழுத்துக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்தக் குணம் ஏறும், கழித்தல் குறி போட்டால் இறங்கும்.

பாடம் அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் அந்தக் கட்டளையைத் தட்டப் போன விரலை எப்போது நிறுத்துவது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு அதைச் சொல்லித் தந்தது ஒரு காலைப்பொழுது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெல்டாவின் கடைமடையில் ஒரு தாலுகா அலுவலகம், பெயர் வேண்டாம். நில ஆவணங்களைக் கணினியில், ஊருக்கு ஒரு கோப்பாக, ஏற்றத் தொடங்கிய காலம். அலுவலகத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை எங்கள் கணினி அறைதான். அங்கே இரண்டு பேர். ஒருத்தி நான், செல்வராணி. இன்னொருவர் தனபால், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்துப் படகுக் குடும்பத்துப் பையன், கெட்டிக்காரர். கதை நடந்த அன்று தனபால் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து முந்தின வாரமே ஊருக்கு ஓடியிருந்தார்.

சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. அலுவலகச் சுவரில் படம் மாறி, அதோடு தாசில்தாரும் மாறினார். புதியவர் நல்ல மனிதர். ஆனால் இந்தத் தாலுகாவில் எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுகூட அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் புன்னைக்கோட்டகம் விவகாரம் வந்தது.

புன்னைக்கோட்டகத்தில் பவுனம்மா என்று ஒரு அம்மா. அவர் புருஷன் அந்த ஊர் மிராசுதார் நிலத்தில் பல வருஷம் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். புருஷன் இறந்ததும், குத்தகை உரிமையைத் தன் பெயருக்கு மாற்றும்படி பவுனம்மா மனுப் போட்டார். பழைய தாசில்தார் ஊருக்கே போய் விசாரித்து, மாற்றி ஆணை போட்டார். தனபால் அதைக் கணினியில் ஏற்றினார். மிராசுதாரின் மகன் தியாகு விடவில்லை, மேல்முறையீடு செய்தார். அந்தக் காகிதக் கட்டு முழுவதும் மேல் அலுவலகத்துக்குப் போய்விட்டது. பவுனம்மா கேட்டிருந்த நகல் அவர் கைக்கு வருவதற்குள் கட்டு போய்விட்டது. ஆக, தாலுகாவில் பவுனம்மா பெயர் இருந்த ஒரே இடம் எங்கள் கணினிதான்.

இதற்கிடையே பம்புசெட் தண்ணீரில் முன்பட்டமாக நட்டிருந்த குறுவை முற்றிவிட்டது. வானம் வேறு மூன்று நாளாகக் கறுத்துக்கொண்டே வந்தது. தியாகு அறுப்புக்கு வெளியூர் ஆட்களை டிராக்டரில் இறக்கிவிட்டார். பவுனம்மா பக்கம் ஊர்க்காரர்கள் அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டுவிட்டார்கள். இந்த மண்ணில் அறுப்பு நேரத்து அரிவாள் என்றால் என்ன என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். போலீஸில் பாதிப் பேர் வேளாங்கண்ணித் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த சப்-இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் அவர் தெளிவாகச் சொன்னார்: “மேல்முறையீட்டுல தடை ஆணை எதுவும் இல்ல. குத்தகைப் பதிவுல இன்னிக்கி யாரு பேரு இருக்கோ அவங்க அறுக்கலாம். இரண்டு பேரும் ஒத்துக்குறீங்களா?”

தியாகு தலையாட்டினார். பவுனம்மாவும் தலையாட்டினார்.

“செல்வராணி, புன்னைக்கோட்டகம் எடுத்துக் குடும்மா” என்றார் தாசில்தார்.

நான் அறைக்குப் போய்த் திரையில் ஊர்ப்பட்டியலைத் திறந்தேன். மேலே ஓடினேன், கீழே ஓடினேன். மற்ற எல்லா ஊரும் இருந்தன. புன்னைக்கோட்டகம் மட்டும் இல்லை.

முதலில் என் கண்மேல்தான் சந்தேகம். வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். இல்லை. கோப்புகளின் பட்டியலை நேரே எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், “ஃபைலே இல்லியாம்யா!” என்று கத்திவிட்டார்.

அவ்வளவுதான்! கூட்டம் இரண்டாகக் கிழிந்தது. “அழிச்சிட்டாங்க! காசு வாங்கிட்டு அழிச்சிட்டாங்க!” என்று ஒரு பக்கம். “இருந்தாத்தானே அழிக்கிறதுக்கு? ஆணையே பொய்யி!” என்று மறுபக்கம். சப்-இன்ஸ்பெக்டர் இருந்த நான்கு காவலர்களை வைத்து நடுவில் ஒரு கயிறு கட்டினார். பவுனம்மா மட்டும் கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைவிடக் கூச்சலே பரவாயில்லை.

தாசில்தார் மாவட்டக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அங்கிருந்த அதிகாரி நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. “வைரஸ்தாம்மா. எல்லா தாலுகாவுலயும் வந்துகிட்டிருக்கு. வட்ட ஃபார்மட் பண்ணி மொத்தமா அழிச்சிட்டுப் பழைய பிளாப்பியில இருக்கிறத ஏத்துங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார்.

போனை வைத்ததும் தாசில்தார் கேட்டார்: “என்னம்மா, பண்ணிடலாமா? வெளியில நிக்கிறவங்களுக்கு எதாவது ஒரு பதிலச் சொல்லணும்.”

இங்கேதான் கவனியுங்கள். மேலதிகாரி சொல்கிறார், வல்லுநர் சொல்கிறார், வெளியே கூட்டம் கதவை இடிக்கிறது. எல்லோரும் ஒரே வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிளாப்பி கோடையில், பவுனம்மாவின் ஆணைக்கு முன்பே எடுத்தது. அதில் புன்னைக்கோட்டகம் இருக்கும். ஆனால் பவுனம்மா இருக்க மாட்டார். செத்துப்போன அவர் புருஷன் பெயர்தான் இருக்கும். குத்தகைதாரர் இறந்தார், குத்தகையும் முடிந்தது என்று தியாகு நெல்லை அறுத்துக்கொண்டு போவார். வரப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

“சார், ஃபார்மட் பண்ணினா திரும்பி வராது. வைரஸ்னே வச்சுக்குவோம், வட்ட ஒரு தடவ சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் அழிக்கலாம். பாக்குறதுனால ஒண்ணும் கெட்டுப்போயிடாது.”

“எவ்வளவு நேரமாகும்?”

“நீங்க ஒரு டீ குடிக்கிற நேரம்.”

“டீயா! அதுக்குள்ள கதவ ஒடச்சிடுவாங்க. பாரு, சீக்கிரம் பாரு.”

வட்டைச் சோதிக்கும் கட்டளையைத் தட்டினேன். எண்கள் வரிவரியாக வந்தன. மொத்த இடம் இவ்வளவு, காலி இடம் இவ்வளவு, பழுது எதுவும் இல்லை. நடுவில் ஒரு வரி: மறைந்த கோப்பு ஒன்று.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். இயந்திரம் தனக்கென்று மறைத்து வைத்துக்கொள்ளும் கோப்புகள் முதல் வட்டில்தான் இருக்கும். நாங்கள் ஊர்களைச் சேமிக்கும் இரண்டாவது வட்டில் மறைந்த கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இங்கே ஒன்று இருக்கிறது!

அட்ரிப் என்று மட்டும் தட்டினேன். குறி எதுவும் சேர்க்காமல் தட்டினால் அது எதையும் மாற்றாது, இருப்பதைச் சொல்லும். வரிசையாகப் பெயர்கள் ஓடின. கடைசியில், மூன்று எழுத்துகளைச் சுமந்துகொண்டு ஒரு பெயர். எஸ், எச், ஆர். புன்னைக்கோட்டகம்! வீட்டுக்குள்ளேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருக்கும் பிள்ளையைப் போல அங்கேயே இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

கழித்தல் எஸ், கழித்தல் எச் என்று தட்டினால் முடிந்தது. விரல் அந்தக் கழித்தல் குறிமேல் போய்விட்டது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்து தியாகுவின் குரல் கேட்டது. “அந்தம்மா எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?”

யாரோ என் ஊரைச் சொன்னார்கள். என் அப்பா யார் நிலத்தில் கூலிக்கு உழுதார் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். “அப்பறம் என்ன, அவுங்க ஆளுதானே? வேணுங்கிற பேர உள்ள உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கு” என்றார் தியாகு.

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு உண்மையும் புரிந்தது. இந்த நொடியில் நான் அந்தக் கோப்பை வெளியே கொண்டுவந்தால் எனக்குத் தெரியும், அது உண்மையான கோப்பு என்று. வேறு யாருக்குத் தெரியும்? இல்லாத கோப்பு, உள்ளே தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தி கையால் திடீரென்று வந்தது என்றுதான் ஊர் சொல்லும். நெல் கைக்கு வரும், சண்டை நிற்காது.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

“சார், கோப்பு இருக்கு. மறைஞ்சு இருக்கு. ஆனா நான் தொடல. இரண்டு தரப்பையும் உள்ள கூப்புடுங்க. அவங்க முன்னாடி எடுப்போம்.”

தாசில்தார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார். “செய்யி” என்றார்.

தியாகு வந்தார், கூடவே அவர் அக்கா மகன். திருச்சியில் பொறியியல் படிக்கிற பையன், பெயர் கார்த்திக். பவுனம்மா வந்தார், துணைக்குச் சங்கத்துக்காரர் ஒருவர். சப்-இன்ஸ்பெக்டர் வாசலை அடைத்து நின்றார். ஏசி அறைக்குத் தூசி ஆகாது என்பதால் யாராயிருந்தாலும் செருப்பை வெளியே விட வேண்டும். அந்தப் பதற்றத்திலும் நான், “செருப்பக் கழட்டிட்டு வாங்க” என்றேன். தியாகு ஒரு கணம் முறைத்தார். பிறகு கழற்றினார்.

கார்த்திக் உள்ளே வந்ததும் திரையைத்தான் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்தது, இவனுக்கு வேலை தெரியும் என்று.

“தம்பி, டாஸ் படிச்சிருக்கீங்களா?”

“முதல் வருஷமே வச்சாங்க.”

நான் எழுந்தேன். “அப்ப நீங்களே வந்து உக்காருங்க.”

சங்கத்துக்காரர் பதறிவிட்டார். “என்னம்மா இது! அவங்க பையங்கிட்டயே குடுக்குறீங்க? ஒரு தட்டுல எல்லாத்தையும் அழிச்சிட்டான்னா?”

நியாயமான பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தக் கோப்பில் ஆர் எழுத்து இருந்தது. சட்டென்று அழிக்க முடியாது. போதாததற்கு நான் அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன், மின்சாரச் சுவிட்சின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. “நான் சொல்றத மட்டும் தட்டுங்க தம்பி. ஒவ்வொண்ணையும் தட்டுறதுக்கு முன்னாடி அது என்னன்னு சத்தமா சொல்லுங்க.”

“முதல்ல, மறைஞ்ச கோப்பையும் சேத்துக் காட்டுற மாதிரி பட்டியல எடுங்க. எதையும் மாத்த வேணாம்” என்றேன்.

அவன் தட்டினான். புன்னைக்கோட்டகம் வந்தது. பக்கத்தில் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட தேதி.

“தேதியப் படிங்க” என்றேன்.

படித்தான். பழைய தாசில்தார் ஆணை போட்ட மறுநாள். அறுப்புத் தகராறு தொடங்குவதற்கு வெகு முன்னால். புதிய தாசில்தார் இந்த ஊருக்கு வருவதற்கே முன்னால்.

“இப்ப எஸ்ஸையும் எச்சையும் ஒரே வரியில கழிங்க. எச்ச மட்டும் தனியா எடுக்கப் பாத்தா கேக்காது. ஆர அப்படியே விட்டுடுங்க.”

“ஆர எதுக்கு விடணும்?” என்று தியாகு இடைமறித்தார்.

பதிலை நான் சொல்லவில்லை, கார்த்திக் சொன்னான். “அது இருக்கிற வரைக்கும் இதுல யாராலயும் ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது மாமா. நம்மளாலயும் முடியாது, இவங்களாலயும் முடியாது.”

தட்டினான். மறுபடி பட்டியலை எடுக்கச் சொன்னேன். இப்போது சாதாரணக் கோப்புகளோடு கோப்பாகப் புன்னைக்கோட்டகமும் நின்றது. தேதி மாறவில்லை. போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பவரின் வயசு மாறிவிடுமா?

“தேதி அதேதான்” என்றான் கார்த்திக், நான் கேட்காமலேயே.

“திறங்க.”

பவுனம்மாவின் சர்வே எண் வந்தது. கார்த்திக் குத்தகைதாரர் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவன் பொய் சொல்லியிருக்கலாம். தாசில்தாரும் சப்-இன்ஸ்பெக்டரும் கதவுப் பக்கம் நின்றார்கள், அந்தச் சின்ன எழுத்தை அங்கிருந்து படித்திருக்க முடியாது. பெயர் எனக்குத் தெரிந்தது, ஆனால் அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று விட்டேன்.

“பவுனம்மா. கணவர் பேரும் இருக்கு. அவங்கதான் மாமா” என்றான்.

தியாகு அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். “டேய், அந்தக் கம்ப்யூட்டர் பொம்பள முன்கூட்டியே தேதிய மாத்தி வச்சிருந்தா?”

“கம்ப்யூட்டரோட கடிகாரத்தத் திருப்பி வச்சு செய்யலாம் மாமா. ஆனா அப்படி எழுதிக்கிட்டவங்க அத எதுக்கு மறைச்சு வைக்கப் போறாங்க? பட்டியல்ல முதல்ல தெரியிற மாதிரியில்ல வைப்பாங்க?”

யார் மறைத்தது என்று எனக்கும் அப்போது தெரியாது. தியாகு தன் அக்கா மகனின் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அறுத்துக்கட்டும். மேல்முறையீட்டுல பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அச்சு எடுக்கத் தொடங்கினோம். பாதியில் மின்சாரம் போனது! பேட்டரி கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அந்த ஊசி அச்சுப்பொறி தறியைப் போல இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரி விழுந்ததும் தாளைக் கிழித்தேன். கிழித்த வேகத்தில் ஓரம் பிய்ந்துவிட்டது. தாசில்தார் அந்தப் பிய்ந்த தாளிலேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அன்று சாயங்காலத்துக்குள் அறுப்பு முடிந்து கட்டுகள் களத்துக்குப் போய்விட்டன. மழை மறுநாள்தான் கொட்டியது. வெளியூர் ஆட்களையும் பவுனம்மா சும்மா அனுப்பவில்லை. ஆள் போதவில்லை என்று அவர்களையே அறுப்புக்கு இறக்கிவிட்டாராம். சப்-இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சில நாள் கழித்துத் தனபால் ஊரிலிருந்து திரும்பினார். அப்பா பிழைத்துக்கொண்டார் என்றார். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

“நாந்தாங்க மறைச்சேன்” என்றார்.

மிராசுதார் தரப்பு ஆள் ஒருவன் டீக்கடையில் அவரைப் பிடித்து, “அந்த ஊருல பழைய பேரே இருக்கட்டுமே தம்பி” என்று நைச்சியமாகப் பேசியிருக்கிறான். இவர் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தான் இல்லாத நேரத்தில் வேறு யாரையாவது பிடித்து மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, மூன்று எழுத்தையும் போட்டு மறைத்துவிட்டார். என்னிடம் சொல்லலாம் என்று இருந்தபோதுதான் அப்பாவைப் பற்றித் தகவல் வந்தது, ஓடிவிட்டார்.

“கண்ணுக்குத் தெரியலேன்னா யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேங்க.”

“திருடனுக்குத் தெரியாம வச்சீங்க, சரி. சொந்தக்காரிக்கும் தெரியாம போச்சே தனபால். ஃபார்மட் பண்ணச் சொன்னாங்க. பண்ணியிருந்தா?”

அவர் கண் கலங்கிவிட்டது. பயந்தவரைத் திட்டுவது சுலபம். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இருவருமாகத் தாசில்தாரிடம் போய் முழுவதையும் சொன்னோம். அவர், “இனிமே எவனாவது டீ வாங்கிக் குடுத்தா, டீயக் குடிச்சிட்டு நேரா எங்கிட்ட வாங்க” என்றார். அன்று முதல் ஒவ்வொரு ஊருக்கும் ஆர் மட்டும் போட்டோம். எச் போடுவதை அடியோடு விட்டோம். பிள்ளைகளே, கோப்பை மறைப்பது காவல் ஆகாது. எல்லார் கண்ணிலும் படும்படி வைத்து, யாரும் கை வைக்க முடியாமல் பூட்டுவதுதான் காவல்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

மழை விட்டு ஒரு நாள் பவுனம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்த ஓரம் பிய்ந்த தாள். செருப்பை அவராகவே வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, தாளை என் மேசையில் விரித்தார்.

“எம் பேரப் பாரும்மா.”

பார்த்தேன். ‘பவுனமா’ என்று இருந்தது. நடுவில் ஒரு ‘ம்’ இல்லை. அன்றைக்குத் தியாகுவின் கண்ணில் இது பட்டிருந்தால்!

“நாலாங்கிளாஸ் படிச்சவ நான். எம் பேரு எனக்கு எழுதத் தெரியும். இந்த ஒரு எழுத்தச் சேத்துடு தாயி. உனக்கு இது எம்மாத்திரம்?”

எம்மாத்திரம்தான். கழித்தல் ஆர். ஒரு ‘ம்’. கூட்டல் ஆர். அவர் தாளை மடிப்பதற்குள் முடிந்துவிடும். கேட்பவர் நியாயமானவர்; கேட்பதும் நியாயம். அறையில் வேறு யாரும் இல்லை.

“மனு எழுதிக் குடுங்க அத்தை. தாசில்தார் பாத்து ஆணை போட்டாத்தான் நான் மாத்த முடியும்.”

அவர் முகம் சுருங்கியது. “எனக்கேவா மனு? அன்னிக்கி எனக்காக நின்ன பொண்ணுன்னு உன்னத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“உங்களுக்காக நிக்கல அத்தை. உள்ள என்ன இருந்துச்சோ அதுக்காக நின்னேன்.”

சொன்ன பிறகு, இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. பவுனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பச் சரி. நான் கேட்டே நீ மாத்தலேன்னா, அவன் கேட்டாலும் மாத்தமாட்டே. பேனாவக் குடு.”